பள்ளிக்கு நல்ல இணையதளம்: ஆவணம் முதல் ஆண்டுப் புதுப்பிப்பு வரை

பள்ளிக்கூடத்தில் கணினி ஆசிரியராக இருந்தால் இணையதளம் அமைக்கும் வேலையும் உங்களிடம்தான் வந்து சேரும். "சார், உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று தாளாளர் சொல்லிவிட்டால் அப்புறம் மறுக்க முடியாது. எங்கள் மெட்ரிக் பள்ளிக்கு இந்த வேலையைச் செய்தபோது தளத்தைக் கட்டுவது சுலபமாகவே முடிந்தது. பழைய டொமைனை (தளத்தின் இணைய முகவரியை) மீட்பது, சான்றிதழ்களைத் தேடி எடுப்பது, தமிழ்ச் சுற்றறிக்கைகளை இணையத்தில் படிக்கும்படி மாற்றுவது இந்த மூன்றும்தான் மாதக்கணக்கில் இழுத்தன. அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் தனியார் பள்ளி, உதவிபெறும் பள்ளி, சி.பி.எஸ்.இ. பள்ளி எதுவாக இருந்தாலும் கீழே உள்ள வரிசை பொருந்தும். வரிசையை மாற்றாதீர்கள். நிறம், லோகோ, முகப்புப் படம் என்று தொடங்கியவர்கள் பலர் பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

எது நல்ல பள்ளித் தளம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு ஒன்றுதான். பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோரும், ஏற்கெனவே சேர்த்துவிட்ட பெற்றோரும், பள்ளிக்குப் போன் போடாமல், அரைநாள் லீவு எடுத்து வாசலில் நிற்காமல், தங்கள் கேள்விக்குப் பதில் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

1. அலுவலகத் தொலைபேசி பக்கத்தில் ஒரு நோட்டு

வடிவமைப்பாளரைத் தேடும் முன்பு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அலுவலகத் தொலைபேசி பக்கத்தில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு, வரும் ஒவ்வொரு அழைப்பிலும் என்ன கேட்டார்கள் என்பதை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். பெயரோ எண்ணோ வேண்டாம், கேள்வி மட்டும் போதும். எங்கள் அலுவலக அக்கா எழுதிவைத்த ஒரு பக்கம் இப்படி இருந்தது: 'எல்.கே.ஜி. அட்மிஷன் எப்ப', 'வேன் பைபாஸுக்கு அந்தப் பக்கம் வருமா', 'டி.சி. வாங்க அப்பாதான் வரணுமா, அம்மா வந்தா போதுமா', 'டேர்ம் பீஸ் கடைசித் தேதி', 'நாளைக்கு ஸ்கூல் உண்டா', மறுபடியும் 'நாளைக்கு ஸ்கூல் உண்டா'. அது மழைக்காலம்.

அந்த நோட்டுதான் உங்கள் தளத்தின் வரைபடம். அதிகம் வந்த கேள்விகளுக்கு முகப்பிலேயே வழி இருக்க வேண்டும். தொலைநோக்கு, குறிக்கோள், தாளாளர் செய்தி இவற்றைப் பற்றி யாரும் போனில் கேட்கவில்லை. அவை 'பள்ளியைப் பற்றி' பக்கத்தில் இருக்கட்டும்.

"வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, தளம் எதற்கு?" என்று நிர்வாகத்தில் யாராவது கேட்பார்கள். குழுவில் இருப்பவர்கள் சேர்ந்துவிட்ட பெற்றோர். சேரலாமா என்று யோசிப்பவர் அந்தக் குழுவில் இல்லை. இருப்பவர்களுக்கும், ஜூன் மாதம் அனுப்பிய கட்டண விவரத்தை அக்டோபரில் தேடி எடுப்பது பெரும்பாடு. இந்தப் பதிலைச் சொன்னால் போதும், ஒத்துக்கொள்வார்கள்.

2. டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

இந்தப் படியை மட்டும் அவசரத்தில் தாண்டாதீர்கள். பள்ளிகள் அதிகம் பணத்தையும் நிம்மதியையும் இழப்பது இங்கேதான்.

வழக்கமாக நடப்பது இது. தெரிந்தவர் ஒருவர் தளம் செய்து கொடுக்கிறார். டொமைனைத் தன் கணக்கில், தன் மின்னஞ்சலில், தன் பெயரிலேயே வாங்கிவிடுகிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவருக்கு அது வசதி. சில ஆண்டு கழித்து அவர் வேறு வேலைக்குப் போகிறார், எண்ணை மாற்றுகிறார், அல்லது புதுப்பிக்க மும்மடங்கு கேட்கிறார். எங்கள் பள்ளியின் பழைய முகவரியும் இப்படித்தான் ஒருவர் கணக்கில் சிக்கியிருந்தது. பள்ளிப் பெயர் பலகையிலும், வேனிலும், டைரியிலும் அச்சடித்த முகவரி அது. விட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்றால், பழையதை வேறு யாராவது வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடும் ஆபத்து இருக்கிறது. கைவிட்ட பள்ளி முகவரிகளுக்கு இது நடக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை:

முதலில், பள்ளிக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்குங்கள். அதன் மீட்பு எண்ணாகப் பள்ளி அலுவலகக் கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். உங்கள் சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் பள்ளி மாறினால் ஓ.டி.பி. உங்களுக்குத்தான் வரும்.

அடுத்து, அந்த மின்னஞ்சலில் டொமைன் கணக்கைத் திறந்து, உரிமையாளர் இடத்தில் பள்ளியை நடத்தும் அறக்கட்டளை அல்லது சங்கத்தின் பெயரைப் பதிவுசெய்யுங்கள். பணத்தைப் பள்ளிக் கணக்கிலிருந்து கட்டி, ரசீதைப் பள்ளிப் பெயரில் வாங்குங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்த ரசீதுதான் பேசும்.

எந்த டொமைன் வாங்குவது? 'டாட் இன்' யாரும் வாங்கலாம். உடனே கிடைக்கும். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். முதல் ஆண்டு விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், புதுப்பிக்கும் விலை என்ன என்று பாருங்கள். டொமைன் விற்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் விளம்பரப்படுத்துவது முதல் ஆண்டு விலையைத்தான். 'எஜு டாட் இன்' என்று முடியும் முகவரி கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கிடைப்பது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் எர்னெட் இந்தியா அமைப்பிடம்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பள்ளித் தலைவர் கையொப்பமிட்ட கடிதமும் அங்கீகாரச் சான்றும் வேண்டும். கடிதத்தில் பள்ளியின் பெயர் சான்றில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். 'ஸ்ரீ' ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாவிட்டால் திரும்பி வரும். ஆவணங்களைச் சரிபார்த்த பிறகே ஒதுக்குவார்கள் என்பதால் சில நாட்கள் பொறுக்க வேண்டும். போலிப் பள்ளிகள் இதை எளிதில் வாங்க முடியாது என்பதால் அந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு. என்னைக் கேட்டால் புதிதாகத் தொடங்கும் பள்ளி இதையே வாங்கட்டும்.

ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் டொமைன் இருந்தால், சண்டை போடுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். அறக்கட்டளை முகவரித்தாளில், இன்ன டொமைனைப் பள்ளிக் கணக்குக்கு மாற்றித் தரவும், மாற்றத்துக்கான ரகசியக் குறியீட்டைத் தரவும் என்று கடிதம். செய்த வேலைக்குப் பாக்கி ஏதாவது இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு ரசீது வாங்குங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். ஆனால் அவசரப்படுத்த முடியாது, அட்மிஷன் நேரத்தில் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

3. ஆவணக் கோப்பு

தளத்தில் போடப்போகும் சான்றிதழ்களை இப்போதே ஒரு கோப்பில் சேருங்கள். மாநிலப் பாடத்திட்டத் தனியார் பள்ளிக்கு: அங்கீகார ஆணையும் அதன் புதுப்பிப்பும், அறக்கட்டளைப் பதிவு, கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, கட்டண நிர்ணயக் குழுவின் ஆணை, பள்ளியின் அடையாள எண்ணான 11 இலக்க யூடைஸ் எண். தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் யூடைஸ் எண் 33 என்று தொடங்கும். ஒரு இலக்கம் தவறாகத் தட்டச்சாகி ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும் தளங்கள் உண்டு, இரண்டு பேர் சரிபாருங்கள்.

சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் உங்களுக்கு வேறு வழியே இல்லை. 'மேண்டேட்டரி பப்ளிக் டிஸ்க்ளோஷர்' என்ற கட்டாயப் பொது வெளிப்படுத்தல் பக்கத்தை வாரியம் கொடுத்த வடிவத்திலேயே போட்டாக வேண்டும். அதில் ஐந்து பகுதிகள்: பொதுத் தகவல், ஆவணங்கள், தேர்ச்சி விவரமும் கல்வியும், ஆசிரியர் விவரம், உள்கட்டமைப்பு. கட்டண அமைப்பு, ஆண்டு நாட்காட்டி, பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர் பட்டியல், கடந்த மூன்று ஆண்டு பொதுத்தேர்வு முடிவு எல்லாம் இதற்குள் வரும். ஆவண நகல்களில் தாளாளர் அல்லது செயலரும் முதல்வரும் சுயசான்றொப்பம் இட வேண்டும். ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஸ்கேன் வேலை இரண்டு முறை ஆகும்.

மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளும் இந்தச் சான்றுகளைத் தாங்களாகவே வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2004இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்த மாநிலம் இது. தீயணைப்புச் சான்று எதுவரை செல்லும் என்பதைப் பார்க்க ஒவ்வொரு பெற்றோருக்கும் உரிமை இருக்கிறது. அதை அலமாரியில் பூட்டி வைக்க ஒரு காரணமும் இல்லை.

இங்கே மூன்று பொறிகள். ஒன்று, காலாவதியான சான்று. தேடி எடுக்கும்போதுதான் தெரியும், கட்டட உறுதிச் சான்று போன ஆண்டோடு முடிந்திருக்கும். புதுப்பிக்கப் பொறியாளர் வர வேண்டும், அலுவலகங்களுக்கு அலைய வேண்டும். அதனால்தான் ஆவணத்தை முதலில் பாருங்கள் என்கிறேன். இரண்டு, கோப்பின் அளவு. கைப்பேசியில் எடுத்த படங்களை அப்படியே பி.டி.எஃப். ஆக்கினால் ஒரு சான்று பத்து எம்.பி. வரும். எழுத்து தெரியும் அளவுக்குச் சுருக்கி அரை எம்.பி.க்குள் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது மிக ஆபத்தானது. ஆசிரியர் பட்டியல் கேட்டால் அலுவலகத்தில் ஏற்கெனவே உள்ள எக்செல் கோப்பை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஆதார் எண், பிறந்த தேதி, கைப்பேசி எண், சம்பள வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும். அந்த நெடுவரிசைகளை மறைத்துவிட்டு ஏற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். இறக்கியவர் இரண்டு சொடுக்கில் திறந்துவிடுவார். பெயர், கல்வித்தகுதி, பாடம் மட்டும் கொண்ட புதிய பட்டியலைத் தட்டச்சு செய்யுங்கள்.

4. யார் கட்டுவது, எவ்வளவு ஆகும்

மூன்று வழி இருக்கிறது.

காசே இல்லை என்றால், தளம் அமைக்கக் கூகுள் தரும் சேவையான கூகுள் சைட்ஸ். இலவசம், பராமரிப்பு இல்லை, தமிழ் ஒழுங்காகத் தெரியும், சொந்த டொமைனையும் இணைக்கலாம். சிறிய தொடக்கப்பள்ளிக்கு இது தாராளமாகப் போதும். டொமைன் செலவு மட்டும்தான்.

வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருள் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால், ஹோஸ்டிங்குக்கு (தளத்தின் கோப்புகளை வைக்க இணையத்தில் எடுக்கும் வாடகை இடத்துக்கு) ஆண்டுக்கு இரண்டாயிரத்திலிருந்து ஐந்தாயிரம் ரூபாய் வரை வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 'லெட்ஸ் என்கிரிப்ட்' அதை இலவசமாகத் தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஒரு சொடுக்கில் வந்துவிடும்.

வெளியாளிடம் கொடுப்பது என்றால், எங்கள் பக்கத்து ஊர்களில் பத்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை கேட்கிறார்கள். இந்த வித்தியாசம் பெரும்பாலும் பக்க எண்ணிக்கையால் வருவதில்லை. பள்ளி எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதால் வருகிறது. உங்கள் நோட்டிலிருந்து எடுத்த பக்கப் பட்டியலைக் கையில் கொடுத்து, மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள். சொல்லும் தொகையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்குமா என்று கேளுங்கள். ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு, அதில் எத்தனை மாற்றங்கள் அடங்கும் என்பதும் எழுத்தில் வரட்டும்.

ஒப்பந்தம் ஒரே பக்கம் போதும். டொமைன், ஹோஸ்டிங், நிர்வாகக் கடவுச்சொல் மூன்றும் பள்ளியிடம் இருக்கும். வேலை முடிந்ததும் முழுத் தளத்தின் நகல் ஒப்படைக்கப்படும். சுற்றறிக்கை ஏற்றப் பள்ளி ஊழியர் இருவருக்குப் பயிற்சி தரப்படும். பணம் மூன்று தவணை: தொடக்கத்தில் ஒன்று, உள்ளடக்கம் ஏறியதும் ஒன்று, ஒப்படைத்த பிறகு ஒன்று. கடைசித் தவணை சிறியதாக இருந்தால் ஒப்படைப்பு நடக்காது. மூன்றில் ஒரு பங்காவது நிறுத்தி வையுங்கள்.

'வாழ்நாள் முழுக்க இலவச ஹோஸ்டிங்' என்று யாராவது சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

5. பக்கங்களை எழுதுவது

இதற்குத்தான் நேரம் பிடிக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஆசிரியரைப் பொறுப்பாக்கி, தேதி கொடுத்து வாங்குங்கள்.

சேர்க்கைப் பக்கம். எந்தெந்த வகுப்பில் இடம் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் பிறந்திருக்க வேண்டும், விண்ணப்பம் எப்போது, எங்கே, என்ன விலை, என்னென்ன கொண்டுவர வேண்டும். பட்டியலைச் சொல்லும்போது அசலா நகலா, எத்தனை நகல் என்பதையும் எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழ் அசலும் நகலும், சாதிச் சான்று நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், வேறு பள்ளியிலிருந்து வந்தால் டி.சி.யும், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பிள்ளைக்குள்ள எண்ணும். எமிஸ் பற்றி ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: பழைய பள்ளி பிள்ளையின் பதிவை எமிஸ் தளத்தில் விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். இது தெரியாமல் டி.சி.யை மட்டும் வாங்கிவந்து, மறுபடி பழைய ஊருக்கு ஓடுகிற பெற்றோரை ஒவ்வொரு ஜூன் மாதமும் பார்க்கிறோம்.

கல்வி உரிமைச் சட்டப்படி சிறுபான்மையல்லாத தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஒதுக்க வேண்டும். உங்கள் பள்ளியில் அந்த இடங்கள் எத்தனை, விண்ணப்பம் பள்ளிக் கல்வித் துறையின் தளத்தில்தான் செய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை என்று தெளிவாகப் போடுங்கள். சில பள்ளிகள் இதை ஒரு மூலையில் ஒளித்துவைக்கின்றன. அந்த இடம் யாருக்காக வைக்கப்பட்டதோ, அந்தக் குடும்பங்களிடம்தான் விசாரிக்க ஆள் இருக்காது.

கட்டணப் பக்கம். மொத்தத் தொகையை வகுப்புவாரியாக எழுதுங்கள். தவணைத் தேதிகள், வேன் கட்டணம் தனியா, சீருடை, புத்தகம் தனியா என்பதும் வேண்டும். 'விவரங்களுக்கு அணுகவும்' என்று மட்டும் எழுதிய கட்டணப் பக்கத்தைப் பார்க்கும் பெற்றோர், மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

வேன் பக்கம். தடம், நிறுத்தம், உத்தேச நேரம், பொறுப்பாளர் எண். எந்தப் பிள்ளை எந்த நிறுத்தத்தில் ஏறுகிறது என்ற பட்டியல் தளத்தில் வரவே கூடாது.

தொடர்புப் பக்கம். அலுவலக நேரம், மதிய இடைவேளை, சனிக்கிழமை உண்டா. கூகுள் வரைபடத்தில் பள்ளியின் புள்ளி சரியான வாசலில் இருக்கிறதா என்று பாருங்கள். பல பள்ளிகளுக்கு அது பின்பக்கச் சந்தில் இருக்கும். பள்ளிப் பெயரில் உரிமை கோரித் திருத்தலாம், காசு கிடையாது, சரிபார்ப்புக்குச் சில நாள் ஆகும். இந்தப் பக்கத்தின் கீழே குழந்தைகள் உதவி எண் 1098, மாநிலக் கல்வி உதவி எண் 14417 இரண்டையும் பெரிய எழுத்தில் போடுங்கள். பள்ளிக்குள் யாரிடமும் சொல்ல முடியாத பிள்ளை ஒன்று இருக்கலாம். அதன் கண்ணில் அந்த எண் படட்டும்.

படங்களுக்கு ஒரு விதி: உங்கள் பள்ளியின் படம் மட்டும். இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் சிரிக்கும் படத்தைப் போட்டால், பதிப்புரிமை நோட்டீஸ் வர வாய்ப்பிருக்கிறது. அதைவிட, நேரில் வந்து பார்க்கும் பெற்றோருக்கு மற்ற தகவல்மீதும் சந்தேகம் வந்துவிடும். சுண்ணாம்பு அடித்த உங்கள் வகுப்பறை, உங்கள் வேப்பமரத்து நிழல், கழுவி வைத்த கழிப்பறை, இதையெல்லாம் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கழிப்பறைப் படம் எதற்கு என்று எங்கள் பள்ளியிலும் கேட்டார்கள். பெண்பிள்ளைகளின் அம்மாக்கள் நேரில் வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

6. தமிழை எழுத்தாகப் போடுங்கள்

பள்ளி அலுவலகங்களில் சுற்றறிக்கைகளை இன்னமும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். அச்சடிக்கும்போது அழகாக வரும். அப்படியே வெட்டித் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். உடனே என்ன செய்வார்கள் என்றால், அச்செடுத்த தாளைக் கைப்பேசியில் படம் பிடித்து ஏற்றிவிடுவார்கள். சின்னத் திரையில் படிக்க முடியாது, தேடினால் கிடைக்காது, பார்வைத் திறன் குறைந்தவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் படிக்காது.

வழி: எந்தக் கருவியிலும் எழுத்து எழுத்தாகவே தெரியும் யூனிகோடு குறியீட்டு முறை. தமிழ்நாடு அரசு 2010லேயே இதை அங்கீகரித்துவிட்டது. பழைய கோப்புகளை மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறும். புதிதாகத் தட்டச்சு செய்ய தமிழ்99 விசைப்பலகையை அலுவலகக் கணினியில் நிறுவிக்கொடுங்கள். பழைய தட்டச்சுமுறையில் பழகியவர் மாற மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அதே விசை அமைப்பில் யூனிகோடு தரும் மென்பொருளும் உண்டு, அதைக் கொடுத்தால் வேலை நின்றுபோகாது. தளத்தின் எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவற்றில் எதையும் வைக்கலாம். எல்லாமே இலவசம்.

ஆங்கிலவழிப் பள்ளியாக இருந்தாலும் சேர்க்கை, கட்டணம், விடுமுறை மூன்று பக்கமும் தமிழிலும் இருக்கட்டும். படிப்பது பிள்ளை மட்டுமில்லை, தாத்தா பாட்டியும்தான்.

7. பிள்ளைகளின் பெயரும் படமும்

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. எனவே சேர்க்கைப் படிவத்தோடு ஒப்புதல் தாள் ஒன்றைத் தமிழில் வாங்குங்கள். படம் தளத்தில் வரலாமா, பெயர் வரலாமா, மதிப்பெண் வரலாமா என்று மூன்று தனித்தனிக் கட்டங்கள். 'வேண்டாம்' என்பவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பிறகு யாராவது நீக்கச் சொன்னால் அன்றைக்கே நீக்குங்கள்.

முதலிடம் பெற்ற மாணவியின் முழுப் பெயர், வகுப்பு, அப்பா பெயர், ஊர், படம் எல்லாவற்றையும் ஒரே பலகையில் போடும் வழக்கத்தை விட்டுவிடுவோம். அந்தப் பிள்ளையைத் தெருவில் அடையாளம் கண்டு பேச்சுக்கொடுக்க அந்நியருக்கு அதுவே போதும். ஒப்புதல் இருந்தாலும் முதல் பெயரும் மதிப்பெண்ணும் போதும். விழாப் படங்களில் கூட்டமாகவோ முதுகுப்புறமாகவோ எடுத்தவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

விண்ணப்பத்தைக் கூகுள் படிவத்தில் வாங்கினால் ஆதார் எண் கேட்காதீர்கள், நகலைப் பதிவேற்றச் சொல்லாதீர்கள். பெயர், வகுப்பு, பெற்றோர் கைப்பேசி எண் போதும். மீதியை நேரில் பார்த்துக்கொள்ளலாம். படிவத்தின் பதில்கள் 'இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்' என்ற நிலையில் இருக்கக் கூடாது, படிவத்தைத் திறப்பதற்கு முன் அதைச் சோதியுங்கள்.

8. இணையவழிக் கட்டணம்

அவசரம் இல்லையென்றால் முதல் ஆண்டில் இதைத் தொடாதீர்கள். வேண்டும் என்றால் பணப்பரிமாற்ற நிறுவனங்கள் அறக்கட்டளையின் பான் அட்டை, பதிவுப் பத்திரம், வங்கிக் கணக்கின் ரத்துசெய்த காசோலை, பொறுப்பாளரின் அடையாளச் சான்று கேட்பார்கள். தளத்தில் பணம் திரும்பத் தரும் விதி, தனியுரிமை, நிபந்தனைகள், தொடர்பு ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். அவை இல்லாமல் விண்ணப்பித்தால் நிராகரிப்பார்கள். அட்டைவழிக் கட்டணத்துக்குச் சுமார் 2 சதவீதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிப்பார்கள். அதைப் பள்ளி ஏற்குமா, பெற்றோர் ஏற்க வேண்டுமா என்று நிர்வாகக் குழுவில் முன்கூட்டியே முடிவெடுங்கள்.

கட்டணப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை நிரந்தரமாக இருக்கட்டும்: 'பள்ளி எந்தத் தனிநபரின் கைப்பேசி எண்ணுக்கும் பணம் அனுப்பச் சொல்லாது.' பள்ளிப் பெயரைச் சொல்லிப் பணம் பறிப்பவர்கள் தவணை வாரத்தில்தான் கிளம்புகிறார்கள்.

9. எப்போது தொடங்குவது

தளத்தைக் கட்ட இரண்டு மூன்று வாரம் போதும். ஆவணமும் உள்ளடக்கமும் சேர்க்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அட்மிஷன் விசாரணை ஜனவரியிலேயே தொடங்கிவிடுவதால், காலாண்டு விடுமுறை முடிந்ததும் நோட்டை வைத்துவிடுங்கள். அக்டோபரில் டொமைன், ஆவணம். நவம்பரில் எழுத்து வேலை. அரையாண்டுத் தேர்வுக்கு முன் எல்லாப் பக்கமும் ஏறிவிட வேண்டும், தேர்வு தொடங்கிவிட்டால் எந்த ஆசிரியரும் கைக்குக் கிடைக்க மாட்டார்.

வெளியிடும் முன், ஆறேழாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன் ஒன்றில், வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். முகப்பு தெரிய ஐந்தாறு நொடிக்கு மேல் ஆனால் படங்கள் பெரிதாக இருக்கின்றன என்று பொருள். அப்புறம் கணினி பழக்கமில்லாத ஒரு பெற்றோரிடம் போனைக் கொடுத்து, "மூணாம் வகுப்புக்கு எவ்வளவு பீஸ்னு பார்த்துச் சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று எதுவும் சொல்லாதீர்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் திருத்தம் வேண்டும். எங்கள் தளத்தில் கட்டணம் 'தகவல்கள்' என்ற தலைப்புக்குள் இருந்தது, ஒருவருக்கும் கிடைக்கவில்லை. முகப்பில் 'கட்டணம்' என்று தனிப் பொத்தான் வைத்த பிறகு அந்தக் கேள்வி வருவதே குறைந்துவிட்டது.

10. வெளியிட்ட பிறகு

மழைக்கால விடுமுறைக்குத்தான் தளம் உண்மையில் சோதிக்கப்படும். ஆட்சியர் அறிவிப்பு விடியற்காலையிலும் வரும். யார் அதை ஏற்றுவது என்று இரண்டு பேரை முன்கூட்டியே நியமித்து, கைப்பேசியிலிருந்தே ஏற்றப் பழக்குங்கள். அறிவிப்பில் தேதி, மாதம், ஆண்டு, கிழமை நான்கும் இருக்க வேண்டும். 'நாளை விடுமுறை' என்று மட்டும் போட்டால் அடுத்த ஆண்டு யாரோ அதைப் படம் எடுத்து அனுப்பி ஊரையே குழப்பிவிடுவார்கள். பள்ளி உண்டு என்றாலும் 'இன்று பள்ளி வழக்கம்போல் இயங்கும்' என்று போடுங்கள். ஒன்றும் போடாமல் இருந்தால் தொலைபேசி ஓயாது.

ஜூனில் கட்டணம், நாட்காட்டி, ஆசிரியர் பட்டியல். மே மாதம் தேர்வு முடிவு. சான்றிதழ்கள் முடியும் தேதிகளையும் டொமைன் முடியும் தேதியையும் அலுவலகச் சுவர் நாட்காட்டியில் இரண்டு மாதம் முன்னதாகச் சிவப்பில் குறித்துவிடுங்கள். டொமைனைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்டிவிடலாம், 'டாட் இன்' என்றால் பத்தாண்டு வரைகூட முடியும். நினைவூட்டல் மின்னஞ்சலை நம்ப வேண்டாம், அது விளம்பரங்களோடு கலந்து கவனிக்காமல் போய்விடும்.

நீங்கள் மாற்றலாகிப் போகும் நாளும் வரும். டொமைன், ஹோஸ்டிங், மின்னஞ்சல், தள நிர்வாகம் ஆகியவற்றின் பயனர்பெயர், கடவுச்சொல், புதுப்பிக்கும் தேதி இவற்றை ஒரே தாளில் எழுதி, உறைக்குள் போட்டு ஒட்டி, பதிவேடுகள் இருக்கும் பீரோவில் வையுங்கள். கடவுச்சொல் மாறும்போதெல்லாம் தாளையும் மாற்ற வேண்டும். உறையின் மேல் கடைசியாக மாற்றிய தேதியைப் போட்டு, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.